தொண்டைக்குள் நின்ற பெயர்

1952 மார்ச் 11, செவ்வாய்க்கிழமை. நாலரைக்கு எழுந்து, டின்பால் ஊற்றிய தேத்தண்ணி ஒரு குவளை குடித்தேன். ஐந்தரைக்குப் பெயர்ப் புத்தகத்தோடு, ஆட்களை வரிசையில் நிறுத்தும் பெரட்டுக் களத்தில் நின்றேன். மலாயாவில், மலாக்காவின் மஸ்ஜித் தானா பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் நான் அப்போது கணக்கெழுதும் கிராணி. வேலைக்கு வந்தவர்களை ஒவ்வொருவராக உரக்கக் கூப்பிட்டுப் பதிய வேண்டும். மூன்று வருடமாகத் தொண்டையில் சளி. காறினாலும் வராது, விழுங்கினாலும் போகாது. தோட்டத்து ஆஸ்பத்திரி டிரசர் கொடுத்த மருந்துத் தண்ணீரும் பலிக்கவில்லை.

காட்டில் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளுக்கு எதிரான அவசரகாலம் ஆனதால், பதிவின் நகல் ஒன்று குடியிருப்பைச் சுற்றிய முள்வேலி வாசல் போலீசுக்குப் போகும். வராதவர் என்று குறிக்கப்பட்டவர் வாசலைக் கடக்க வந்தால் விசாரணைதான்.

அன்று பாதிப் பட்டியலில் சளி அடைத்தது. இருமி, கண்ணைத் துடைத்துக்கொண்டு தொடர்ந்தேன். ஒரு பெயர் வாயைவிட்டு வெளியே வரவேயில்லை. கூப்பிட்டுவிட்டதாகவே எண்ணி, பதில் இல்லாததால் வராதவர் என்று சுழியம் போட்டேன்.

அந்தப் பெயருக்குரிய, ரப்பர் மரத்தில் பால்வெட்டும் அம்மாளை, வேலைக்குப் போகும்போது வாசலில் நிறுத்திவிட்டார்கள். செய்தி கேட்டு நான் ஓடிப்போய் விளக்கிச் சொல்லி விடுவிப்பதற்குள் வெயில் ஏறிவிட்டது. இனி மரம் சரியாகப் பால் விடாது, அவருடைய அன்றைக் கூலி குறையும். தோட்டத்தை நடத்தும் வெள்ளைக்காரத் துரையிடம் அவர் ஒரு வார்த்தை சொன்னால் என் வேலை நிலைக்காது.

அவரோ என்னைக் கண்டதும், "கிராணி ஐயா, எம்பேர முழுங்கிட்டீங்களே! செரிச்சிருச்சா?" என்றார்.

"மன்னிச்சிரும்மா. தொண்டை அடைச்சுக்கிச்சு."

"அது தெரியாதா? நீங்க செருமுறதக் கேட்டுத்தான் எங்க லயத்து வீட்டுக் கோழியே எந்திரிக்குது. விடியக்காலையில பால் தேத்தண்ணிய விடுங்கலா. உப்புத்தண்ணியில கொப்பளிங்க. அப்பவும் அடைச்சா கையத் தூக்குங்க, நாங்களே வரிசையாப் பேரு சொல்லிக்கிறோம். தெனம் கேக்குறதுதானே!"

வாசல் போலீஸ்காரரும் சிரித்துவிட்டார்.

துரையிடம் அவர் போகவில்லை. மாலையில் அவர் கொடுத்தனுப்பிய, செய்தித்தாளில் சுற்றிய கற்பூரவள்ளி இலைகள் என் வீட்டுக்கு வந்தன. ஒன்பது இலைகள். இரண்டை மென்றேன், காரமாக இறங்கின. சளி பெருமளவு அடங்கினாலும் பிறகும் பல காலம் இருந்தது. ஆனால் அன்று எனக்குக் கிடைத்த நிம்மதியை எந்த மருந்தும் தந்ததில்லை.

மறுநாள் எழுந்ததும் வெந்நீரில் உப்புப் போட்டு மூன்று முறை கொப்பளித்தேன். பால் டின்னைத் தொடவில்லை. அடுப்படியிலேயே நின்று அந்த அம்மாளின் பெயரை உரக்கச் சொல்லிப் பார்த்தேன். முழுதாக வந்தது.