நனைந்த நெல்லுக்கு யார் பொறுப்பு

வெள்ளைக்காரன் காலத்தில் பூந்தமல்லி அரிசி மில் ஒன்றில் கைக்குழந்தையோடு களத்து வேலை பார்த்தேன். அவித்த நெல்லைக் காயவைப்போம். மேகம் கூடினால் குவித்து, ஓலைக் கூண்டு போட்டு மூடுவோம். யார் காவலில் நெல் நனைந்ததோ அவர் ஒரு வாரம் நெல் ஊறவைக்கிற ஊறல் தொட்டியைக் கழுவவேண்டும். அந்த நாற்றம் எண்ணெய் தேய்த்துக் குளித்தாலும் போகாது.

ஒருநாள் என் காவலில் வானம் கறுத்தது. குவிக்கப் போன என்னை முதலாளியின் மகன் தடுத்துவிட்டார். "இன்னும் காயட்டும், மழை வராது" என்றார். மறுபடி சொன்னேன், கேட்கவில்லை. கொட்டித் தீர்த்தது.

மேஸ்திரி முதலாளியிடம் என்னைத்தான் கைகாட்டினார். "புள்ளைய வெச்சுகினு கொஞ்சிகினு இருந்தா நெல்லு நனையாம இன்னா பண்ணும்? இவள நிறுத்திடுங்க" என்றார். கைக்குழந்தைக்காரிக்கு வேறு எந்த மில்லில் வேலை கொடுப்பார்கள்?

முதலாளி என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லும்மா, இன்னா நடந்துது?"

அதுவரை என்னை யாரும் எதையும் கேட்டதில்லை. அழுகையும் பேச்சுமாக நடந்ததைச் சொன்னேன். மகன் தலையைக் குனிந்துகொண்டு, "அது மெய்தான் வாப்பா" என்றார்.

"அப்ப தொட்டி ஒனக்குத்தான்" என்றார் முதலாளி.

வெளுத்த கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு மகன் தொட்டிக்குள் இறங்கினார். முதல் நாள் நாங்கள் முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்தோம். அப்புறம் பாவமாகிவிட்டது, நானே மோர் கொண்டுபோய்க் கொடுத்தேன். மேஸ்திரி மட்டும் கொஞ்ச நாள் என் முகத்தைப் பார்க்காமல் நடந்தார்.

அடுத்த ஆடியில் கூழ் ஊற்றுகிற நாள். எனக்கும் இன்னும் சிலருக்கும் லீவு. அடுப்பில் கூழைக் கிண்டிக்கொண்டிருந்தபோது செம்பரம்பாக்கம் பக்கம் வானம் மழைக் கருக்கலாக இருந்தது. கரண்டியைப் போட்டுவிட்டுப் பிள்ளையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஓடினேன். களத்தில் எனக்கு முன்னாலேயே லீவுக்காரிகள் எல்லாரும் வந்து நெல்லைக் குவித்துக்கொண்டிருந்தார்கள். சின்ன முதலாளி கூண்டு தூக்கிக்கொண்டிருந்தார். எங்களைக் கூப்பிட யாரும் ஆள் அனுப்பவில்லை.

கடைசியில் ஒரு சொட்டு மழை விழவில்லை. வீட்டில் கூழ் அடிப்பிடித்துக் கிடந்தது. என் புருஷனுக்கு வந்ததே கோபம்.

"அம்மனுக்கு ஊத்துற கூழ உட்டுட்டு ஓடுறியே, அது இன்னா உங்கப்பன் ஊட்டு நெல்லா?"

"ஆமாய்யா, எங்கப்பன் ஊட்டு நெல்லுதான்" என்று சொல்லிவிட்டு வேறு பானையை அடுப்பில் ஏற்றினேன்.