மூன்றாம் பிளாட்பாரத்துத் தக்காளி

வெண்டைக்காயின் மூக்கை ஒடித்துப் பார்க்கிறார் ஸ்டேஷன் அக்கா. டக்கென்று ஒடிந்தால் கூடைக்குள் போகும். நாரோடு வளைந்து தொங்கினால், “முத்திப்போச்சு” என்று செடியைப் பார்த்துச் சொல்வார். அரை நொடி இடைவெளி. பிறகு மறுபடியும், “முத்திப்போச்சு.” செடிக்குக் காது மந்தம் என்பதற்காக அல்ல. இருபத்தாறு வருடமாக ரயில் நிலையத்தில் மைக்குக்கு முன்னால் உட்கார்ந்து, எதையும் இரண்டு தடவை சொல்லியே பழகிய வாய் அது. வீட்டுக்கு வந்தால் மட்டும் ஒரு தடவையோடு நிற்குமா?

கல்யாணமான புதிதில் கணவர், “முதல் தடவையே கேட்டுதும்மா” என்று சொல்லிப் பார்த்தார். “சரிங்க,” என்றார் அக்கா. “சரிங்க.” அதோடு அவர் அந்த முயற்சியைக் கைகழுவிவிட்டார். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் அந்த மனிதரைத் தெருவில் எல்லோரும் கண்ணாடிக்காரர் என்பார்கள். அவருக்குப் பொறுமை அதிகம். சுவரில் மாட்டிய எழுத்துகளைத் தப்புத் தப்பாகப் படிப்பவர்களிடம் நாள் முழுக்க “இது எப்படித் தெரியுது, இப்ப எப்படித் தெரியுது” என்று கேட்டுக் கேட்டு வந்த பொறுமை.

தோட்டம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. வீட்டின் பின்பக்கம் நாலு கட்டில் போடும் அளவுக்கு மண். ஆனால் கோடை முடிகிற அந்த இரண்டு வாரம் அக்காவுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. பீன்ஸ் கொடி காய்ந்து சலசலக்கும். அதைப் பிடுங்க வேண்டும். வெள்ளரி இலைக்கடியில் ஒளிந்துகொண்டு, கண்டுபிடிக்கப்படும்போது கைக்குழந்தை கனம் கனக்கும். சுவரேறிய பூசணிக்குக் கீழே செங்கல் முட்டுக் கொடுக்க வேண்டும். மிளகாய் பழுத்துவிட்டால் முறத்தில் கொட்டி, தகரக் கூரைமேல் ஏற்றிக் காயவைக்க வேண்டும். கத்தரிச்செடி எப்போதும் தாமதம். அதற்கு அக்கா வைத்த பெயர் பாசஞ்சர். “இது எல்லாத்துக்கும் வழி விட்டுட்டுத்தான் வரும். வந்தா ஒழுங்கா வரும்” என்பார்.

இவ்வளவுக்கும் நடுவில் ஒரு தக்காளிச் செடி. அது கடையில் வாங்கியதில்லை, யாரும் கொடுத்ததுமில்லை. மூன்றாம் பிளாட்பாரத்தின் கடைசியில், தண்டவாளத்துச் சரளைக்கல் இடுக்கில் தானாக முளைத்திருந்தது. ஓடுகிற ரயிலிலிருந்து யாரோ எறிந்த தக்காளியின் பிள்ளையாக இருக்க வேண்டும். எந்த ரயில், எந்த ஊர், தெரியாது. அக்கா அதைக் கல்லோடு பெயர்த்து, மதியச் சாப்பாட்டு டப்பாவில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தார். அன்றைக்கு மிஞ்சின சாப்பாட்டை அவர் எதில் கொண்டுவந்தார் என்று கேட்டு யாருக்கும் பதில் கிடைக்கவில்லை.

வெயிலில் பூவெல்லாம் உதிர்ந்து, மூன்றே மூன்று காய் பிடித்தது. எலுமிச்சம்பழ அளவு. மஞ்சள் தோலில் சிவப்புக் கோடு, யாரோ பொறுமையாகத் தூரிகையால் இழுத்ததுபோல. ஒன்றைக் குருவி கொத்தியது. ஒன்று காற்றில் விழுந்து அழுகியது. மூன்றாவதை அக்கா விதைக்கென்று விட்டுவைத்து, கண்ணாடிக்காரரின் பழைய சாக்ஸ் ஒன்றை அதற்கு மாட்டிவிட்டார். “இது விதைக்கு. யாரும் கை வைக்கக்கூடாது. மறுபடியும் சொல்றேன், யாரும் கை வைக்கக்கூடாது.” மூன்று வாரம் அந்தச் சாக்ஸ் செடியில் ஆடிக்கொண்டிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளைக் கட்டிக்கொள்ளப்போகும் பையனின் அப்பாவும் அம்மாவும் முதல் தடவையாக வீட்டுக்கு வருவதாக இருந்தது. மகளும் பையனும் ஒரே ஆய்வகத்தில் வேலை. இருவரும் தாங்களாகவே பேசி முடிவு செய்திருந்தார்கள். பெரியவர்கள் முகம் பார்த்துக்கொள்வது ஒன்றுதான் பாக்கி. பையனின் அப்பா லாண்டரி முதலாளி. வெள்ளைச் சட்டை தவிர வேறு போடமாட்டார், அதில் ஒரு சுருக்கம்கூட இருக்காது, மற்றவர் சட்டையில் சுருக்கம் இருந்தால் அவரால் வேறு எங்கும் பார்க்க முடியாது என்றெல்லாம் மகள் முன்கூட்டியே எச்சரித்திருந்தாள். காலையில் பின்பக்கம் வந்தவளின் கண்ணில் சாக்ஸ் பட்டது.

“அம்மா, அதைக் கழட்டும்மா. மானம் போகுது.”

“அது விதைக்கு...”

“ஒரு நாள்மா! அவங்க போனதும் மாட்டிக்கோ. செடிக்கு சாக்ஸ் போட்ட குடும்பம்னு அவங்க வீட்டுல சொல்லிச் சொல்லிச் சிரிப்பாங்க.”

அக்கா கழற்றினார். கழற்றியதோடு நில்லாமல் சாக்ஸைத் துவைத்தும் போட்டார்.

விருந்தாளிகள் பதினோரு மணிக்கு வந்தார்கள். லாண்டரி முதலாளி ஆள் நல்ல உயரம், அடர்ந்த மீசை. சட்டை கண்ணைக் கூசவைத்தது. அவருடைய மனைவி சின்ன உருவம்; சிரித்த முகம்தான், ஆனால் பேச்சில்லை. “வணக்கம் மேடம்,” என்றார் முதலாளி. “வாங்க, வாங்க,” என்றார் அக்கா. இரண்டாவது ‘வாங்க’வை மனைவிக்குச் சொன்னதாக அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். அதுவரை எல்லாம் சரியாகவே போனது.

அக்கா வெள்ளரிக்காய் நறுக்க உள்ளே போனார். அந்த நேரத்தில்தான் கண்ணாடிக்காரருக்கு உபசரிப்பு பொங்கியது. முதலாளியைத் தோட்டத்துக்கு அழைத்துப்போய், “எல்லாம் எங்க வீட்டம்மா கைப்பட வளர்த்தது. கூச்சப்படாம ஒரு தக்காளி பறிச்சு வாயில போட்டுப் பாருங்க” என்றார். அவர் காட்டியது இடப்பக்கம், கொத்துக் கொத்தாய்த் தொங்கிய சாதாரணச் சிவப்புத் தக்காளியை. முதலாளியின் கண் போனது வலப்பக்கம். ஒற்றையாக, கோடு போட்டு, கழுவிவைத்ததுபோல் பளபளத்த பழத்துக்கு.

கண்ணாடிக்காரர் ‘அது வேண்டாம்’ என்று சொல்ல வாயைத் திறந்தார். முதலாளியும் வாயைத் திறந்தார். முதலாளி முந்திக்கொண்டார்.

முழுப் பழத்தையும் போட்டு ஒரே கடி. பழம் வெடித்தது. பாதி தொண்டைக்குள் போனது. மீதி பீய்ச்சியடித்து மீசை, மோவாய், சட்டையின் மார்பு, பை, மூன்றாவது பொத்தான்வரை வழிந்தது.

சமையலறை ஜன்னலில் அக்கா இதைப் பார்த்தார். பிறகு எப்படி வெளியே வந்தார் என்று அவருக்கே தெரியாது.

“அசையாதீங்க! மறுபடியும் சொல்றேன், அசையாதீங்க!”

ஆறு பிளாட்பாரத்துக்கும் கேட்கிற குரல். பக்கத்து வீட்டில் ஒரு பாத்திரம் விழுந்தது. லாண்டரி முதலாளி திரும்பினார். தன் வருங்காலச் சம்பந்தி, கையில் கத்தியோடு, செருப்பில்லாமல், தன்னை நோக்கி ஓடிவருவதைக் கண்டார். வாயில் இருந்ததையும் விழுங்கிவிட்டார்.

“முழுங்கிட்டீங்களா?”

அவர் தலையாட்டினார்.

“எல்லாத்தையுமா?”

அப்போதுதான் அவர் குனிந்து தன் சட்டையைப் பார்த்தார். முகம் வெளுத்துப்போனது. “ஐயோ, தக்காளி! வெள்ளைக் காட்டன்ல! அஞ்சு நிமிஷத்துல பச்சத் தண்ணி காட்டலைன்னா ஆயுசுக்கும் போகாது! குழாய் எங்க இருக்கு?”

“தண்ணி படக்கூடாது!” அக்கா குழாய்க்கும் அவருக்கும் நடுவில் பாய்ந்து நின்றார். “சட்டையில விதை இருக்கு! தண்ணி படக்கூடாது!”

“மேடம், இது என் தொழில்...”

“இது என் தக்காளி...”

கத்தி இன்னும் கையில்தான் இருந்தது. மகள் ஓடிவந்து அம்மாவின் கையிலிருந்து அதைப் பிடுங்கினாள். “அம்மா, ஒரு தக்காளிக்காகவா?” என்றாள். குரல் உடைந்திருந்தது. ஆய்வகத்தில் எதற்கும் கலங்காதவள். முகம் சிவந்து, உதடு கோணி, சின்ன வயதில் பலூன் வெடித்தபோது நின்ற அதே நிலையில் நின்றாள்.

அக்கா மகளைப் பார்த்தார். பிறகு பயந்துபோய்க் கையை உயர்த்தியபடி நின்ற மனிதரைப் பார்த்தார். தான் செய்துவைத்த காரியம் அப்போதுதான் உறைத்தது.

“தப்பு என்மேலதாங்க,” என்றார், சன்னமாக. ஒரே ஒரு தடவை. கண்ணாடிக்காரர் இரண்டாவது தடவைக்காகக் காத்திருந்தார், வரவில்லை. “தானா முளைச்ச செடிங்க. எங்கேருந்து வந்துதுன்னே தெரியாது. இந்த ஒரு பழம்தான் மிச்சம். திரும்ப வேணும்னாலும் யார்கிட்டயும் போய்க் கேக்க முடியாது. அதான்... நீங்க போய்க் கழுவிக்கோங்க.”

அப்போது, அதுவரை வாய் திறக்காத முதலாளியின் மனைவி, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். அழுகிறார் என்றே எல்லோரும் நினைத்தார்கள். பொத்தியதையும் மீறிச் சிரிப்பு பீறிட்டது. “முப்பது வருஷமா ஊர்ல உள்ளவங்க கறையெல்லாம் கழுவினீங்களே,” என்றார் மூச்சு வாங்க. “ஒரு நாள் கறையோட நின்னா என்ன? பாவம், கேக்கிறாங்க இல்ல?”

முதலாளி சட்டையை இன்னொரு தடவை பார்த்தார். இப்போது கறையை அல்ல, அதில் ஒட்டியிருந்த விதைகளை. கண்ணைச் சுருக்கினார். தொழிலில் ஒரு சிக்கல் வந்துவிட்டால் அவருக்கு மற்றதெல்லாம் மறந்துபோகும்.

“கறைய முன்பக்கம் தேய்க்கவே கூடாது,” என்றார் மெதுவாக. “தேய்ச்சா உள்ள இறங்கும். சட்டையக் கவுத்துப் பிடிச்சு, பின்பக்கத்துலேருந்து தண்ணி விடணும். கறை வந்த வழியே போகும். அதோட விதையும் கழண்டு விழுமே! கீழ ஏதாவது பிடிச்சா... வீட்டுல டீ வடிகட்டி இருக்கா?”

அக்கா பறந்தார்.

அடுத்த அரைமணி நேரம் அந்தப் பின்வாசலில் நடந்ததை மகள் இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறாள். பனியனோடு நின்ற லாண்டரி முதலாளி சட்டையை உள்பக்கம் மேலாக விரித்துப் பிடிக்க, கண்ணாடிக்காரர் செம்பிலிருந்து நூல் பிடித்ததுபோல் தண்ணீர் விட, அக்கா தரையில் மண்டியிட்டு வடிகட்டியை நகர்த்திக்கொண்டே போனார்.

“இடப்பக்கம் ஒண்ணு வருது. இடப்பக்கம் ஒண்ணு வருது.”

“தண்ணிய வேகமா விடாதீங்க சார், நூல் பிரியும்!”

“வேகமா விட்டா விதை துள்ளிடும்!”

பையின் மடிப்பில் நாலு சிக்கியிருந்தன. கண்ணாடிக்காரர் தன் கடைப்பையிலிருந்து, பிரேமில் திருகாணி போடும் நுனிக் கவ்வியை எடுத்துவந்து ஒவ்வொன்றாக எடுத்தார். பொத்தான் ஓட்டையில் ஒன்று இருந்தது. எல்லாம் முடிந்ததென்று நினைத்தபோது முதலாளியின் மனைவி, “அசையாதீங்க” என்று சொல்லி, கணவரின் மீசையிலிருந்து ஒன்றை உருவிக் கொடுத்தார். மொத்தம் இருபத்து மூன்று.

கல்யாணப் பேச்சு எப்போது முடிவானது என்று யாருக்கும் நினைவில்லை. மகளுக்கு மட்டும் தெரியும். மூன்றாவது செம்புத் தண்ணீரின்போது முதலாளி தலையை நிமிர்த்தாமலே, “சம்பந்தியம்மா, வடிகட்டியக் கொஞ்சம் சாச்சுப் பிடிங்க” என்றார். அதற்கு முன்பு அவர் மேடம் என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அக்கா கவனிக்கவில்லை. சாய்த்துப் பிடித்தார்.

கறை போய்விட்டது. முதலாளிக்குத் திருப்தியில்லை, வெயிலில் பிடித்துப் பார்த்து, “லேசா நிழல் இருக்கு” என்றார். வேறு யார் கண்ணுக்கும் அது தெரியவில்லை. கண்ணுக்கே கடை வைத்திருப்பவருக்கும் தெரியவில்லை. கண்ணாடிக்காரரின் சட்டையை, பொத்தான் எட்டாமல், விரியப் போட்டுக்கொண்டு முதலாளி சாப்பிட்டார். சாப்பிட்டுக் கிளம்பும்போது, “விதையில பாதி எங்களுக்கு. மொட்டைமாடியில தொட்டி சும்மாக் கிடக்கு. நான் சாப்பிட்டதுல ருசியே பார்க்கல, பயத்துல” என்றார்.

“பாதி உங்களுக்கு,” என்றார் அக்கா. “பாதி உங்களுக்கு.”

விதைகள் மூன்று நாள் கண்ணாடி டம்ளரில் ஊறின. வழவழப்பான சவ்வு கரைந்து, அடியில் தங்கியதை அக்கா பீங்கான் தட்டில் பரப்பி நிழலில் உலரவிட்டார். ஒரு வாரம் கழித்து, வேலைக்குக் கிளம்புமுன், தட்டைச் சாப்பாட்டு மேஜையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். சம்பந்தி வீட்டுக்கு அனுப்ப ஒரு காகித உறையும் தயாராக இருந்தது. விரல்நுனியால் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பிரித்தார். உறைக்கென்று அந்தப் பக்கம் பதினொன்று. இந்தப் பக்கம் பதினொன்று. நடுவில் ஒன்று.

அக்கா அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பெருமூச்சு விட்டு, அதை அந்தப் பக்கம் தள்ளினார். உறையை எடுத்து வாயைப் பிரித்தார். நிறுத்தினார். கண்ணாடிக்காரர் குளியலறையில் இருக்கிறாரா என்று ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, சுண்டுவிரலை நீட்டி, அந்த ஒற்றை விதையை மெல்ல இந்தப் பக்கம் இழுத்துக்கொண்டார்.