ஒரு சக்கரத்துக்கு மட்டும் பிரேக்

இருதயமேரி தன் மகனோடு சேர்ந்து செய்த கடைசி வேலை, ஒரு பிரேக் கட்டையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்ததுதான். திண்டிவனத்து வீட்டின் பின்பக்கம், பூவரச மரத்தடியில், காரின் பின்பாகம் செங்கல் அடுக்கின்மேல் ஏறி நின்றது. மல்லாட்டை உடைத்து எண்ணெய் ஆட்டும் மில்லில் அறுந்துபோன பெல்ட்டிலிருந்து ஒரு துண்டை வெட்டி, கட்டையின் வளைவில் பொருத்தி, சவுரிராயன் செம்பு ரிவெட் அடித்தான். துண்டு நகராமல் அவள் இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்திருந்தாள்.

"வெரல்ல போட்டுடாதடா. இந்தக் கைய நம்பி நாலு ஊர்ல பொம்பளைங்க மாசமா இருக்காளுங்க."

"கண்ண மூடிக்கினு புடிச்சா எப்படிம்மா? தெறந்து பாரு."

"தெறந்தா கைய இழுத்துக்குவேன். நீ அடி."

ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பட்டணம் காலியாகிக்கொண்டிருந்த சித்திரை மாதம் அது. கிண்டியில் இன்ஜினீயரிங் படித்துக்கொண்டிருந்த சவுரிராயன் ஊருக்கு வந்திருந்தான். பட்டணத்து வியாபாரி ஒருவர் குடும்பத்தோடு தெற்கே ஓடிக்கொண்டிருந்தார். திண்டிவனம் தாண்டாமல் கார் நின்றுவிட்டது. அதைச் சாலையோரம் விட்டுவிட்டு அவர் ரயில் ஏறப் பார்த்தார். பரீட்சைக்கு வைத்திருந்த பணத்தைக் கொடுத்து சவுரிராயன் அதை வாங்கினான். துணிக் கூரை போட்ட பழைய வண்டி. பின்சக்கரங்களுக்கு மட்டுமே பிரேக்.

"படிக்கிற புள்ளைக்குக் காரா? அதுக்கு யாருடா தீனி போடுவா?" என்றாள் இருதயமேரி.

தீனி போடுவது கஷ்டமாகத்தான் இருந்தது. மருத்துவச்சி என்று அவளுக்குக் கிடைத்த கூப்பனில்தான் பெட்ரோல். எஞ்சினில் கேஸ்கட் போனபோது, கல்லூரியில் படம் வரையும் தடித்த தாளை எண்ணெயில் ஊறவைத்து வெட்டிப் போட்டான். டயர் கிழிந்த இடத்தில் இன்னொரு செத்த டயரின் துண்டை உள்ளே வைத்துக் காற்றடித்தான். புதிதாக எதையும் வாங்க வழியில்லை. வாங்க வழியிருந்தாலும் யுத்தகாலத்தில் கடையில் இல்லை.

காரை அவளுக்காகத்தான் வாங்கினான். அனந்தபுரத்துச் சேரியில் பிறந்து, மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்து, கன்னியாஸ்திரீகளின் ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்க்கப் பழகியவள். புருஷன் செத்த பிறகு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வல்லம்வரைக்கும்கூட நடப்பாள். ஊர்த்தெருவில் நடுச்சாமத்தில் கதவைத் திறந்து உள்ளே அழைப்பார்கள். பிள்ளை பிறந்த பிறகு, அவள் உட்கார்ந்த இடத்தைச் சாணம் போட்டு மெழுகுவார்கள். தாகத்துக்குத் தண்ணீர் கேட்டால் உயரத்திலிருந்து கையில் ஊற்றுவார்கள். அவள் சிரித்துக்கொண்டே குடிப்பாள்.

கொடி சுற்றிய பிள்ளைக்கும் கால் முதலில் வரும் பிள்ளைக்கும் பயப்படாதவள், காருக்குப் பயந்தாள். ஏறியது முதல் இறங்கும்வரை "மெல்லடா, மெல்லடா" என்பாள். மயிலத்துப் பக்கம் எருமைக்கூட்டம் குறுக்கே வந்த அன்று, சவுரிராயன் பிரேக்கை மிதித்தான். மிதி தரைப் பலகையைத் தொட்டது. வண்டி நிற்கவில்லை. ஓரத்து மணல்மேட்டில் ஏற்றித்தான் நிறுத்தினான். வண்டி நின்ற பிறகுதான் இருதயமேரி கத்துவதை நிறுத்தினாள்.

"எத்தனையோ புள்ள எடுத்திருக்கேன். ஒண்ணுகூட வெளிய வர்றப்ப இந்தக் கத்து கத்தினதில்லடா" என்றாள் பிறகு.

அவன் சிரித்தான். ஆனாலும் இந்த வண்டி அம்மாவைக் கொன்றுவிடும் என்று அன்று முதல் அவனுக்குள் ஒரு பயம் புகுந்துகொண்டது. அவளிடம் சொல்லவில்லை. பெல்ட் துண்டு தேடி மில் மில்லாக அலைந்தான்.

இடது சக்கரம் முடிந்த நேரத்தில்தான் கோதண்டபாணி வந்தான். விழுப்புரம் லோகோ ஷெட்டில் கரி அள்ளுகிறவன். முதல் சம்சாரம் பிரசவத்தில் செத்துப்போனவள். இப்போது இரண்டாவது சம்சாரம் பொன்னி திருவக்கரையில் தாய்வீட்டில் இருந்தாள். வலி கண்டுவிட்டது என்று சேதி வந்திருந்தது. ஷெட்டில் லீவு இல்லை. பட்டணத்திலிருந்து ரயில் ரயிலாக ஜனம் வந்துகொண்டிருந்தது.

"தம்பி, கார்ல வுட்டா ஜல்தியா போயிடலாமில்ல?"

"ஒரு சக்கரத்துக்குத்தாண்ணே பிரேக் இருக்கு. மிதிச்சா வண்டி திரும்பிக்கும்."

"எனக்கு மாட்டுவண்டியே போதும்பா. அது கேக்கற தீனி வைக்கோலுதான்" என்று இருதயமேரி எழுந்தாள். வாசலில் கோதண்டபாணியிடம் ஏதோ சொல்லித் தேற்றினாள். அவன் ரயிலுக்கு ஓடினான். அவள் மாட்டுவண்டி ஏறினாள்.

மிச்சமிருந்த பெல்ட் எண்ணெய் குடித்திருந்தது. அதைப் போட்டால் பிடிக்காது. வேறு துண்டு கிடைக்குமுன், மூன்றாம் நாள், திருவக்கரையிலிருந்து ஒரு ஆள் சைக்கிளில் வந்து இறங்கினான்.

"பொன்னியோட ஆத்தா காசியம்மா அனுப்பிச்சாங்க. நர்சம்மாவுக்கு வாந்திபேதி. நேத்துலேர்ந்து."

சவுரிராயன் வலது சக்கரத்தை அப்படியே மாட்டிக் காரைக் கிளப்பினான். பிரேக்கைத் தொடக்கூடாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டே போனான். மாடு கண்டால் தூரத்திலேயே கியரைக் குறைத்தான். ஆற்றுச் சரிவில் முதல் கியரில் இறக்கினான். எஞ்சின் ஊளையிட்டது. சக்கரம் மணலில் புதைந்து வேகம் செத்தபோதுதான் மூச்சு விட்டான்.

காசியம்மாள் குடிசையில் அம்மாவைப் பார்த்ததும் முதலில் அடையாளம் தெரியவில்லை. கண்கள் உள்ளே போயிருந்தன. விரல் நுனிகள் சுருங்கியிருந்தன. பக்கத்து மூலையில் பொன்னி பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டே அழுதாள்.

"பொன்னிக்குன்னா தண்ணிய காச்சிக் காச்சிக் குடுத்தாங்க தம்பி" என்றாள் காசியம்மாள். "தெருவுல ரெண்டு பேருக்குப் பேதின்னு அவங்களுக்குத் தெரியும். நான் பாவி, கொளத்துத் தண்ணி ஊத்திக் கரைச்ச கேப்பைக் கூழ நீட்டிட்டேன். கொஞ்சம் யோசிச்சாங்க. அப்பறம், 'வேணாம்னா ஒன் மூஞ்சி சுருங்கிடும் காசி'ன்னு வாங்கிக் குடிச்சாங்க."

யார் வீட்டிலும் எதையும் வேண்டாம் என்று அவள் சொன்னதில்லை. தன் கையை வேண்டாம் என்றவர்கள் முகம் அவளுக்குத் தெரியும். அந்த முகத்தை இன்னொருவருக்கு அவள் காட்டமாட்டாள்.

பின்சீட்டில் படுக்கவைத்துத் திண்டிவனம் நோக்கி விரட்டினான். அந்த வண்டியை அவன் அவ்வளவு வேகமாக ஓட்டியதில்லை. பின்னாலிருந்து சத்தமே இல்லை.

"ம்மா, வேகமா போறேன். திட்டும்மா."

பின்னால் திரும்பிப் பார்த்தான்.

"மெல்லடான்னு ஒரு வார்த்தை சொல்லும்மா."

"போடா... போ" என்றாள். கொஞ்சம் கழித்து, "கோதண்டபாணிகிட்ட சொல்லணும். பொண்ணு. ரெண்டு உசுரும் நல்லாருக்கு. மொதோ சம்சாரத்தப்ப ஒரு ஆள் வந்து நல்ல சேதின்னு சொல்லிட்டுப் போனானாம். பொய்யாப் போச்சாம். அதான், நானே வந்து சொல்றேன், அதுவரைக்கும் எதையும் நெனைக்காதேன்னேன்."

"நீயே சொல்லலாம்மா."

வைக்கோல் பாரம் ஏற்றிய வண்டி ஒன்று சந்திலிருந்து சாலையில் ஏறியது. கால் தானாகப் பிரேக்கை மிதித்துவிட்டது. கார் இடப்பக்கம் சுழன்று பள்ளத்தைப் பார்த்து நின்றது. அவள் சீட்டிலிருந்து உருண்டு கீழே கிடந்தாள். தூக்கினான். பஞ்சு மாதிரி இருந்தாள். "ஒண்ணுமில்லடா, பயப்படாத" என்றாள். எஞ்சின் அணைந்திருந்தது. எஞ்சினைக் கிளப்பும் கைப்பிடியை முன்னால் போட்டுச் சுற்றினான், திரும்பத் திரும்பச் சுற்றினான். வண்டிக்காரர் இறங்கி வந்து தள்ளிவிட்டார்.

ஆஸ்பத்திரியில் உப்புத்தண்ணீர் ஏற்ற நரம்பு தேடினார்கள். கிடைக்கவில்லை. பொழுது சாயுமுன் இருதயமேரி போய்விட்டாள்.

கல்லறையில் மண் போட நாலு ஊர் பெண்களும் வந்தார்கள். ஊர்த்தெருவிலிருந்துகூடச் சிலர் வந்து வேலிக்கு வெளியே நின்றார்கள். காசியம்மாளும் வந்திருந்தாள். திரும்பும்போது சவுரிராயன் அவளிடம் கேட்டான்.

"கோதண்டபாணிக்கு சேதி சொல்லி அனுப்பிட்டீங்களா?"

"இல்லியே தம்பி. நர்சம்மா தான் சொல்லிக்கிறேன்னாங்க. அவங்க சொன்னாத்தான் அவரு நம்புவாரு."

அப்படியானால் அவனுக்கு இன்னும் எதுவும் தெரியாது. விழுப்புரத்தில் கரி அள்ளிக்கொண்டே, திண்டிவனத்திலிருந்து வரும் ஒவ்வொரு ரயிலையும் பார்த்துக்கொண்டிருப்பான். இனி அவள் இறங்கப்போவதில்லை. சவுரிராயன்தான் போகவேண்டும். மருத்துவச்சி வராமல் அவள் மகன் தனியாக வந்து நிற்பதைக் கண்டதும், பொன்னியும் போய்விட்டாள் என்றுதான் அவன் நினைப்பான். வாய் திறக்குமுன்பே மண்வெட்டி கையிலிருந்து விழும்.

முகத்தைக் கழுவிக்கொண்டு, ஸ்டேஷனுக்குப் போகும் வழியெல்லாம் சவுரிராயன் அம்மா காரில் சொன்ன வார்த்தைகளைச் சொல்லிப் பார்த்தான். தூரத்திலிருந்தே, உரக்க, முதலில் பொண்ணு என்று சொல்லவேண்டும். அடுத்து, ரெண்டு உசுரும் நல்லாருக்கு. அம்மா ஏன் வரவில்லை என்று அவன் கேட்பதற்குள் அதை முடித்துவிடவேண்டும்.