தரையில் கிடந்த தாள்கள்

வெள்ளிக்கிழமைகளில் அந்தப் படத்தின் கண்ணாடியைத் துடைப்பது என் வேலை. வியா மக்வேதாத் தெருவுக்குப் பின்னால், ஆங்கில ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்ற எங்கள் இத்தாலிய முதலாளியம்மா, சிஞ்ஞோராவின் வீட்டில், எழுதுமேசைக்கு மேலே அது தொங்குகிறது. செம்பட்டை மயிர் இளைஞன் ஒருவன் சின்ன அறையில் உயிரற்றுக் கிடக்கிறான். ஒரு கை கட்டிலுக்கு வெளியே தொங்குகிறது. தரையெல்லாம் கிழிந்த தாள்கள்.

பெரியம்மாவின் மகன், என் அண்ணா, முன்பு என்னோடு அங்கே வேலைக்கு வந்தவர். எங்கள் ஆட்களுக்கு, கண்ணாடி போட்டு மாட்டிய இளவயதுப் படம் என்றால் அந்த வீட்டில் ஒரு சாவு நடந்திருக்கிறது என்று அர்த்தம். சிஞ்ஞோராவின் இறந்த மகன் என்று நினைத்து, பல்கனி மல்லிகையில் நாலு பூப் பறித்து வெள்ளிதோறும் படத்தின் கீழ் வைத்தார் அண்ணா. நானும் பக்தியாகக் கும்பிட்டேன். ஒருநாள் சிஞ்ஞோரா கண்டுவிட்டார். அவருக்குப் பிள்ளையே இல்லை. சிரித்து முடித்தபின் விளக்கினார்: பழைய ஆங்கில ஓவியத்தின் அச்சுப்பிரதி, பதினெட்டு வயது நிறையாமலே வறுமையில் செத்த ஒரு கவிஞனாம். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அண்ணா பூ வைப்பதை நிறுத்தவில்லை. அவரும் கவிதை எழுதுகிறவர். “இவன் எங்கட ஆள், தம்பி” என்றார். எழுதி உருப்பட்ட ஆளைக் காட்டுங்கோ என்று நான் நக்கலடித்தேன்.

அந்த வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. எழுத்துள்ள எந்தத் தாளையும் கேட்காமல் எறியக்கூடாது. பழைய பஸ் டிக்கெட்டைக்கூடக் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறேன்.

போன மாரியில் ஒரேத்தோப் பக்கம் நாங்கள் வாடகைக்கு இருந்த அறையில் அண்ணா காய்ச்சலோடு கிடந்தார். கட்டிலைச் சுற்றிக் கவிதைகளைப் பரப்பி, புத்தகமாக்கப் பொறுக்கிக்கொண்டிருந்தார். பிடிக்காத வரிகளைக் கிழித்துப் போட்டார். ஒரு காலை மூச்சு முட்டி, அம்புலன்ஸ் வந்து ஏற்றிப் போனது. எனக்குத் துப்பரவில் ஒரு வெறி. அவர் திரும்பி வரும்போது அறை பளிச்சென்று இருக்கவேண்டும் என்று எல்லாவற்றையும் கூட்டி, கறுப்புப் பையில் கட்டி, தெருத் தொட்டியில் போட்டேன். யாரிடமும் கேட்கவில்லை. சிஞ்ஞோராவின் பஸ் டிக்கெட்டுக்குக் கொடுத்த மரியாதையை அண்ணாவின் எழுத்துக்குக் கொடுக்கத் தோன்றவில்லை. புத்தி கெட்டவன் நான்.

ஆஸ்பத்திரியில் மாஸ்கை விலக்கிவிட்டு அவர் கேட்டது அது ஒன்றைத்தான்.

“என்ர தாளுகளை எடுத்து வைச்சனியோ?”

“ஓம் அண்ணா.”

“அப்ப சரி. வேற பிரதி இல்லை.”

தொட்டிக்கு ஓடினேன். லொறி வந்து போயிருந்தது. மூன்றாம் நாள் அவர் இறந்தார்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு நினைவு மலர்ப் புத்தகம் அடிக்கவேண்டும், அவன் எழுதினதுகளை அனுப்பு என்று பெரியம்மா ஊரிலிருந்து போனில் அழுதாள். தேடுகிறேன் என்றேன். அண்ணாவின் படம், தேவாரம், வேறு யாரோ எழுதிய இரங்கற்பா ஆகியவற்றோடு மலர் வந்தது. அவருடைய ஒரு வரிகூட இல்லை. பெரியம்மா இன்னும் கேட்கிறாள். நான் இன்னும் தேடுகிறேன் என்கிறேன்.

இன்றும் வெள்ளிக்கிழமை. பூவை வைத்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்தேன். அந்தப் பொடியன் பாக்கியசாலி. அவன் அறையைக் கூட்ட யாரும் வரவில்லை. அவனுடைய தாள்கள் இன்னும் தரையிலேயே கிடக்கின்றன.