ஜீப் குடித்த பெட்ரோல்

போன வாரம் மார்த்தாண்டத்தில், மேம்பாலத்துக்குக் கீழே, என் மருமகனின் வண்டி நின்றுவிட்டது. நான்கு சக்கரமும் இழுக்கும் பழைய ரகம், ஆசைப்பட்டு வாங்கியது. வந்த மெக்கானிக் பானெட்டைக்கூடத் திறக்கவில்லை. “ஓட்டினவருக்க தப்பாக்கும்” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். நான் போட்ட சத்தத்தில் நாலு பேர் கூடிவிட்டார்கள்.

“மாமா, வண்டி என்னோடது. நீங்க எதுக்கு இப்பிடிக் கிடந்து சாடுதிய?” என்றான் மருமகன்.

அவனுக்குத் தங்கராசைத் தெரியாது. உங்களுக்கும் தெரியாதுதானே, சொல்லுகிறேன்.

அருமனைக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்தில் அப்போது நான் எழுத்தர். முழுக்கைச் சட்டை, பையில் இரண்டு பேனா. இரண்டில் ஒன்று எழுதாது. தோட்டத்து ஜீப்பை ஓட்டியவர் தங்கராசு. மழைக்காலத்தில் அந்தச் சரிவில் ரப்பர் பால் கேன்களோடு ஏற அவரால் மட்டும்தான் முடியும். முன் சக்கரங்களும் சேர்ந்து இழுப்பதற்கான லீவரைப் போட்டு, சேற்றைத் திட்டிக்கொண்டே ஏற்றிவிடுவார்.

ஒரு மழைக்காலத்தில் பெட்ரோல் வழக்கத்தைவிட வேகமாகத் தீரத் தொடங்கியது. தங்கராசு மூன்று முறை மேனேஜரிடம் போய்ச் சொன்னார். “பம்ப்ப ஒண்ணு கழத்திப் பாக்கணும் சார். எண்ணெயில பெட்ரோல் வாடை அடிக்கி.” மேனேஜர் மூன்று முறையும், “ஓடுற வண்டிய எதுக்குவே கழத்தணும்?” என்றார். அதோடு, இந்த ஜீப்புக்கு இஞ்சின் ஆயில் ஊற்றவே வேண்டியதில்லை, குறைவதே இல்லை என்று வந்தவர் போனவரிடமெல்லாம் பெருமை வேறு.

குறையாத எண்ணெய் உலகத்தில் உண்டா? எனக்கும் அது உறைக்கவில்லை.

ஒருநாள் காலையில், பால் அளக்கும் கொட்டகையில், பால்வெட்டுக்காரர்கள் அத்தனை பேரும் நிற்கும்போது மேனேஜர் கத்தினார். “பெட்ரோல் கள்ளன்! இண்ணையோட நீ வேண்டாம்.” தங்கராசு வாயைத் திறப்பதற்குள் வேலைநீக்கக் கடிதம் தயாராகிவிட்டது. எழுதியது நான்தான். எழுதும் பேனாவால், எழுத்துப் பிழை இல்லாமல், அழகாக எழுதினேன்.

போகும்போது அவர் என் ஜன்னலருகே நின்றார். “சாறே, ஒரு உபகாரம். இஞ்சின்ல எண்ணெய் அளவு பாக்குத கம்பிய உருவி மோந்து பாருங்க. அது போதும்.”

நான் போய்ப் பார்க்கவில்லை. மேனேஜர் பார்த்துவிட்டால் என்ன நினைப்பார் என்று இருந்தேன். ஜீப் என் மேசையிலிருந்து இருபதடி தூரத்தில் நின்றது.

பிறகு மேனேஜரே ஓட்டினார். பெட்ரோல் அப்போதும் தீர்ந்தது. இரண்டு வாரத்தில் இஞ்சின் கடகடவென்று அடித்து நின்றது. மார்த்தாண்டத்திலிருந்து வந்த மெக்கானிக் கம்பியை உருவி மோந்தார், எங்களிடமும் நீட்டினார். எண்ணெய் அடையாளக் கோட்டுக்கு மேலே ஏறியிருந்தது, தண்ணீர் மாதிரி வழிந்தது.

அந்தக் கால ஜீப்பில் பெட்ரோல் பம்ப் இஞ்சினின் பக்கவாட்டில் இருக்கும். இஞ்சின் சுற்றும்போது உள்ளேயிருக்கும் ஒரு நெம்புகோல் மேலும் கீழும் ஆடும்; அது ஒரு ரப்பர் சவ்வை இழுத்துவிட, டேங்கிலிருந்து பெட்ரோல் வரும். அந்தச் சவ்வு கிழிந்தால் பெட்ரோல் நேரே இஞ்சின் எண்ணெயில் இறங்கிவிடும். அவ்வளவுதான் விஷயம். ஏக்கர் கணக்கில் ரப்பர் வளர்த்த இடத்தில், உள்ளங்கை அகல ரப்பர் கிழிந்ததற்கு ஒரு மனிதன் கள்ளன் ஆனான்.

“நாளைக்கு வேலைக்கு வரச் சொல்லு” என்றார் மேனேஜர். நான்தான் தங்கராசின் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். அவர் மனைவி என்னை உட்காரச் சொல்லவில்லை. அது நியாயம்தான்.

மறுநாள் வந்தார். கிழிந்த சவ்வைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு மேனேஜரிடம், “கொட்டகையில வச்சு கள்ளன்னு சொன்னிய. அங்க வச்சே இல்லன்னும் சொல்லணும்” என்றார்.

“வேலை தந்தாச்சுல்லா, பின்ன என்ன?”

“வேலை நான் கேக்கல்ல சார்.”

மேனேஜர் நாளிதழைப் பிரித்துக்கொண்டார். தங்கராசு என்னைப் பார்த்தார். கொட்டகைக்கு நானே போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பால்வெட்டுக்காரர்கள் அப்போது அங்கேதான் இருந்தார்கள். நான் பேனா மூடியைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டேன். அவர் சவ்வை மேசையில் வைத்துவிட்டு இறங்கிப் போனார். பிறகு கேரளத்தில் லாரி ஓட்டினார் என்றும், அங்கேயே இறந்துபோனார் என்றும் கேள்விப்பட்டேன்.

இப்போது அந்தக் கொட்டகை இல்லை. அந்த இடத்தில் வீட்டுமனைக் கற்கள் நட்டிருக்கிறார்கள். ஜீப்பை என்றோ இரும்புக்குப் போட்டாயிற்று. அன்றைக்கு அங்கே நின்றவர்களில் பாதிப்பேர் இல்லை. எஞ்சியவர்களில் ஒருவரைப் போன மாதம் அருமனை பஸ் நிறுத்தத்தில் பார்த்தேன். பேச்சுவாக்கில் தங்கராசின் பெயரைச் சொன்னேன்.

“எந்த தங்கராசு? ஓ, அந்த பெட்ரோல் கள்ளனா?”

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். “அவரு எடுக்கல்லவே. ஒரு துளி எடுக்கல்ல.”

“பின்ன பெட்ரோல் எங்க போச்சு?”

சவ்வு கிழிந்த கதையை ஆரம்பத்திலிருந்து சொல்லத் தொடங்கினேன். பாதியில் அவருடைய பஸ் வந்துவிட்டது.