சென்டரில் ஒரு அடுக்களை

இசக்கிப்பாண்டி இதுவரை கட்டிய கடைகளையும் அறைகளையும் வரிசையாக நிறுத்தினால் தாராவி கொள்ளாது. ஆனால் பாருங்கள், அதில் ஒன்றுகூட நாலு நாளைக்கு மேல் நின்றது கிடையாது. நிற்கக்கூடாது என்பதுதான் அந்தத் தொழிலின் விதி. அவர் சென்டரில் ஸ்டால் கட்டுகிற கார்பெண்டர்.

சென்டர் என்றால் மும்பையில் மிட்டி ஆற்றுக்கு அந்தப் பக்கம், பி.கே.சி. என்கிற ஆபீஸ் வட்டாரத்தில், கண்ணாடியும் இரும்புமாக எழும்பி நிற்கிறதே, அந்த மாநாட்டு மையம். அதற்கு வாய் வலிக்கிற நீளத்துக்கு ஒரு பெயர் உண்டு. தாராவியில் யாரும் அதைச் சொல்வதில்லை. இதய டாக்டர்கள் கூடுவது அங்கேதான், வைர வியாபாரிகள் கூடுவது அங்கேதான், பணக்கார வீட்டுக் கல்யாணமும் அங்கேதான். அங்கே கூட்டம் என்றால் ஆட்டோக்காரனுக்குக் கொண்டாட்டம், பஸ்ஸை நம்பி வேலைக்குப் போகிறவனுக்குத் திண்டாட்டம். இந்த வாரம் என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ளப் பேப்பர் வாங்க வேண்டியதில்லை. சந்துப் பிள்ளைகளின் கழுத்தைப் பார்த்தால் போதும். வந்தவர்கள் கழற்றிப் போட்ட ரிப்பன் அட்டைகளை மாட்டிக்கொண்டு ஒரு வாரம் எல்லாப் பிள்ளைகளும் இதய நிபுணர்களாக ஓடும். மறுவாரம் எல்லாம் பிளாஸ்டிக் ஏற்றுமதியாளர்கள்.

கட்டுகிறவனுக்கு ஒரு பாஸ், பிரிக்கிறவனுக்கு ஒரு பாஸ். இரண்டும் பின்வாசலுக்கு மட்டும்தான். திறப்பு விழாவுக்கு முந்தின சாயங்காலம் கார்பெண்டர், பெயிண்டர், வயர்மேன் எல்லாரும் வெளியே வந்துவிட வேண்டும். கடைசி நாள் ஆறு மணிக்கு, ஜனங்கள் கலைந்த பிறகு, பிரிக்க உள்ளே போகலாம். நடுவில் உள்ளே என்ன நடக்கிறது, யார் வந்தார்கள், என்ன சொன்னார்கள், ஒன்றும் அவர்களுக்குத் தெரியாது. விடிய விடியச் சமைத்துவிட்டுப் பந்தியைப் பார்க்காமல் போகிற சமையல்காரன் கதைதான்.

இசக்கிப்பாண்டிக்கு இது ஒரு குறையாகவே தெரிந்ததில்லை, மாரிசெல்வி அதைச் சொல்கிற வரைக்கும். மாரிசெல்வி அவர் மனைவி. ஒவ்வொரு தடவையும் வேலை முடிந்து வந்தால், "இந்தத் தடவ என்னத்தக் கட்டுனிய?" என்று கேட்பாள். அவர் சொல்வார். அவள் பாதி நம்புவாள், பாதி சிரிப்பாள். ஒரு நாள் சிரிப்போடு சிரிப்பாக, "நீங்க கட்டுனத ஊரே பாக்கு. கூட இருக்கவ நான் ஒண்ணுகூடப் பாக்கலியே" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டாள். அவள் போய்விட்டாள், அந்தச் சொல் போகவில்லை. விளக்கு எரிய, ஜனங்கள் நடமாட, தான் கட்டிய ஒன்றை ஒரே ஒரு தடவை அவளுக்குக் காட்டிவிட வேண்டும் என்று அன்றைக்குப் பிடித்த ஏக்கம் அவரை விடவே இல்லை.

அவளுக்கு ஒரு ஏக்கம் தனியாக இருந்தது. விடிவதற்கு முன்னால் எழுந்து இட்லி அவித்து விற்கக் கொடுப்பது அவள் பிழைப்பு. இவர்கள் இருக்கும் வாடகை அறையில் முன்னால் குடியிருந்த ஆள் நெட்டைக்கொக்கு. தன் வசதிக்குத் தானே ஒரு அடுப்புமேடை கட்டி வைத்துவிட்டுப் போய்விட்டான். மாரிசெல்வியோ குள்ளம். மேடை அவள் நெஞ்சுக்கு வரும். கொதிக்கிற இட்லிச் சட்டியைக் கையைத் தூக்கித் தூக்கி இறக்கி அவளுக்கு இரண்டு தோளும் போயே போய்விட்டது. மேடையைக் குறைக்கலாம் என்றால், பாண்டுப்பில் இருக்கும் வீட்டுக்காரர் தொடவிட மாட்டார். எல்லாவற்றையும் இடித்துவிட்டுப் புதுக் கட்டடம் வரப்போகிறது, எதற்கு வீண்வேலை என்பார். வரும் வரும் என்று அவர் சொல்லிக்கொண்டே இருக்கிறார். இவள் தைலம் தேய்த்துக்கொண்டே இருக்கிறாள்.

இந்த நிலைமையில்தான் சென்டரில், ஃபிளாட் விற்கிற கம்பெனிகளின் வீட்டுக் கண்காட்சி வந்தது. அதில் ஒரு கம்பெனியார் வழக்கம்போல் மேஜையும் படமும் போதாது என்று, உள்ளேயே ஒரு மாதிரி வீடு கேட்டார்கள். ஹால், படுக்கையறை, அடுக்களை, எல்லாம் பிளைவுட்டில். அடுக்களை கட்டுவது இசக்கிப்பாண்டிக்கு அதுதான் முதல் தடவை. மேஸ்திரி வேல்ராஜின் போனில் வரைபடம் இருந்தது. நீளம் இருந்தது, அகலம் இருந்தது, மேடையின் உயரத்தைக் காணோம். வேல்ராஜ் டிசைனருக்குப் போன் போட்டான். எப்போதும் வைக்கிற உயரம்தான் என்று சொல்லிவிட்டு அந்த மனிதர் வைத்துவிட்டார். சமைக்கிற பெண்பிள்ளைக்கு எது வசதி என்று இசக்கிப்பாண்டி ஒரு நிமிஷம் யோசித்தார். தன் தொடைமேல் கையை வைத்துப் பார்த்து, பென்சிலால் கோடு இழுத்து, அறுக்க ஆரம்பித்துவிட்டார்.

அன்று வீட்டுக்கு வந்ததும் மாரிசெல்வி வழக்கமான கேள்வியைக் கேட்டாள்.

"ஒரு அடுக்களை," என்றார். "சன்னலோட."

அவள் சிரிக்கவில்லை. "சன்னல்ல என்ன தெரியும்?"

"கடலு."

"பொய் சொல்லாதிய."

கடல் படம்தான், பின்னால் விளக்குப் போட்டிருக்கிறது என்று விளக்கினார். ஞாயிற்றுக்கிழமை ஆறு மணிக்கு எல்லாம் பிரித்துவிடுவோம் என்றும் சொன்னார். அவள் அப்புறம் வாயைத் திறக்கவில்லை. அரிசி களைகிறபோதும் மௌனம், சாப்பாடு போடுகிறபோதும் மௌனம். மாரிசெல்வி பேசாமல் இருந்தால் அந்த வீட்டில் யாருக்கும் சோறு இறங்காது.

வழி சொன்னது பக்கத்து வீட்டு சஃபீனா. தையல் மெஷினை நிறுத்தாமலே சொன்னாள்: வீட்டுக் கண்காட்சிக்கு யார் வேண்டுமானாலும் போகலாம், போனில் பேரைப் போட்டால் சீட்டு வந்துவிடும், காசு கிடையாது. இசக்கிப்பாண்டி அப்படியே உட்கார்ந்துவிட்டார். இத்தனை வருஷமாக முன்வாசல் திறந்துதான் கிடந்திருக்கிறது! நமக்கெல்லாம் அது கிடையாது என்று, யாரும் சொல்லாமலே, தானாக முடிவு கட்டியிருக்கிறார். அந்த நேரத்தில் அவருக்குத் தன்மேல் வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமைதான் இட்லி அதிகம் போகும் நாள். பாத்திரம் கழுவி முடித்து, குளித்து, பட்டுப்புடவை எடுத்துக் கட்டி, அது சரியில்லை என்று வேறு கட்டி, மாரிசெல்வி கிளம்ப நாலரை ஆகிவிட்டது. இவர் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்து நடந்து தேய்ந்துபோனார். ஏறின ஆட்டோ பாலத்தில் மாட்டிக்கொண்டது. எல்லாம் அந்தச் சென்டருக்குப் போகிற கூட்டம்தான். இறங்கி நடந்தார்கள்.

முன்வாசலில் காவலாளி சலாம் வைத்தான். யாருக்கு வைக்கிறான் என்று இசக்கிப்பாண்டி திரும்பிப் பார்த்தார். உள்ளே போனால் அடேயப்பா, என்ன வெளிச்சம், என்ன கூட்டம்! கண்ணைக் கட்டிவிட்டாலும் நடந்துவிடக்கூடிய ஹாலில் அவருக்கு வழி தப்பிவிட்டது. அண்ணாந்து கூரை இரும்பைப் பார்த்துப் பார்த்துத்தான் திசை பிடித்தார். மாதிரி வீட்டு வாசல் வந்ததும் அவர் கால் தானாகச் செருப்பைக் கழற்றிவிட்டது. புதுக் கம்பளத்தில் செருப்போடு ஏறினால் மேஸ்திரி கத்துவான், அந்தப் பழக்கம். மாரிசெல்விக்கு அது தெரியாது. புது வீடு என்பதால் கழற்றுகிறார் என்று எண்ணி அவளும் கழற்றினாள். வலது காலை எடுத்து வைத்து உள்ளே போனாள்.

அடுக்களையில் ஒரு தம்பதி நின்று முகம் சுளித்துக்கொண்டிருந்தார்கள். மேடை இவ்வளவு தாழ்வாக இருக்கிறதே, எந்தப் புத்திசாலி கட்டினான், குனிந்து குனிந்து முதுகு ஒடிந்துவிடும் என்று அந்தம்மாள் இந்தியில் பொரிந்துவிட்டுப் போனாள். கம்பெனி சார்பில் அங்கே நின்றிருந்த பெண், காலையிலிருந்து இதே புகார்தான் என்று தன் கூட்டாளியிடம் அலுத்துக்கொண்டாள். மாட்டுங்காத் தமிழ்ப் பெண், சட்டையில் சாதனா என்று பெயர் குத்தியிருந்தது. வேலை கெட்டுப்போச்சு, வேல்ராஜ் முகத்தில் எப்படி முழிப்பது என்று இசக்கிப்பாண்டி தவித்துக்கொண்டிருக்கும்போது மாரிசெல்வி மேடைமுன் போய் நின்றாள்.

இரண்டு கையையும் அதன்மேல் வைத்தாள். தோள் இறங்கியது. கழுத்து நிமிர்ந்தது. அடுப்பு இருக்க வேண்டிய இடத்தைத் தடவினாள், சட்டி இறக்குகிற பக்கம் கையைக் கொண்டுபோனாள், ஜன்னலைப் பார்த்தாள். பிறகு மெதுவாகத் திரும்பினாள்.

"ஏங்க, இது என் அளவுல்லா?"

அவருக்கும் அப்போதுதான் உறைத்தது. சமைக்கிற பெண்பிள்ளை என்று யோசித்தபோது அவர் மனசில் வேறு யாரும் வரவே இல்லை. அவள் இடுப்பு தன் உடம்பில் எங்கே வருமோ அங்கேதான் அவர் கை போயிருக்கிறது. சந்தோஷப்படுவதா வெட்கப்படுவதா என்று தெரியவில்லை. இப்படி ஒன்றை இவளுக்கு நிஜமாகவே கட்டிக்கொடுக்க முடியாத ஆளாகப் போய்விட்டோமே என்று நெஞ்சு பொங்கியது. தரையைப் பார்த்தபடி நின்றார்.

தமிழ்ப் பேச்சுக் காதில் விழுந்து சாதனா சிரித்துக்கொண்டே வந்தாள். பாவம், எல்லாரிடமும் கேட்கிற கேள்வியைத்தான் கேட்டாள். "மாமிக்குப் பிடிச்சிருக்காப்ல இருக்கே? எப்போ குடிவர்றதா உத்தேசம்?"

"ஆறு மணிக்கு இத ஒடச்சிருவாவம்மா," என்றாள் மாரிசெல்வி. "அதுவரைக்கும் நான் இங்கனயே நின்னுக்கிடட்டுமா?"

சாதனாவின் சிரிப்பு நின்றுவிட்டது. மாரிசெல்வியையும் பார்த்தாள், தலைகுனிந்து நின்ற மனிதரையும் பார்த்தாள். வெளியே போய், அடுத்து வந்தவர்களை முதலில் படுக்கையறையைப் பார்க்கச் சொல்லி அந்தப் பக்கம் திருப்பிவிட்டாள்.

மாரிசெல்வி நின்றாள். பக்கத்தில் அவரும் நின்றார். கண்காட்சி முடிகிறது, எல்லாரும் வெளியேறலாம் என்று ஒலிபெருக்கியில் மூன்று பாஷையில் சொன்னார்கள்.

"நீங்களா ஒடைக்கப் போறிய?"

"நானும் இருப்பேன். நாலஞ்சு பேரு வருவாக."

அவள் மேடையிலிருந்து கையை எடுத்தாள்.

"மத்தத யாரு வேணாலும் ஒடைக்கட்டும். இத நீங்களே பிரிங்க. வேற யாரும் கை வைக்க வேண்டாம்."

இசக்கிப்பாண்டி சரி என்று தலையாட்டினார்.