மகள் பங்குக் கறியும் வேப்பம்புகையும்

மழை விட்ட மறுநாளும் கரண்ட் வரவில்லை. பிரிட்ஜைத் திறக்காதே, திறந்தால் உள்ளே இருக்கிற குளிர் போய்விடும் என்று மகன் சொல்லிக்கொண்டே இருந்தான். திறக்காமலே எனக்குத் தெரிந்துவிட்டது. கதவுக்கு அடியில் தண்ணீர் கசிந்து, தரையில் லேசான சிவப்பாக ஓடியிருந்தது. உள்ளே என் மகளுடைய பங்குக் கறி இருந்தது.

எங்கள் பக்கம் குலசாமிக்குக் கிடா வெட்டினால், கட்டிக்கொடுத்த பெண்ணுக்கு என்று ஒரு பங்கு எடுத்து வைப்பது வழக்கம். பச்சைக் கறியாகத்தான் கொடுக்க வேண்டும். ஆக்கிக் கொடுத்தால் வந்தவர் போனவருக்குக் கொடுத்தது போல ஆகிவிடும். அவள் தன் வீட்டு அடுப்பில், தன் கையால் ஆக்கினால்தான் பிறந்த வீட்டுச் சாமி அவளையும் பார்த்த மாதிரி. போன தடவை மகன் அதை மறந்துவிட்டான். மருமகள் வீட்டு ஆட்கள் நிறைய வந்திருந்தார்கள், மொத்தக் கறியும் குண்டானில் ஏறிவிட்டது. மறுநாள் மீந்த குழம்பை யார் கையிலோ கொடுத்தனுப்பினான். மகள் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு அப்படியே திருப்பி அனுப்பிவிட்டாள்.

"நான் இன்னா பந்தியில குந்த வந்தவளா, மிச்சம் மீதிய குடுக்கறதுக்கு?" என்று என்னிடம்தான் போனில் கத்தினாள். அன்றிலிருந்து அண்ணனோடு பேச்சு இல்லை. தீபாவளி வரிசை கொண்டுபோனபோதும் அவள் வீட்டுக்காரர்தான் வெளியே வந்து வாங்கிக்கொண்டார்.

இந்தத் தடவையும் கூப்பிட்டோம், அவள் வரவில்லை. ஆனால் மகன் கிடாவை உரித்ததும் முதல் வேலையாகத் தொடைக்கறியில் நல்ல இடமாகப் பார்த்து அறுத்து, வாழையிலையில் சுற்றி பிரிட்ஜில் வைத்தான். யாருக்கு என்று வாயால் சொல்லவில்லை. மறுநாள் தானே கொண்டுபோய்க் கொடுப்பதாக இருந்தான். அதற்குள் காற்றும் மழையும் பிடித்துக்கொண்டது. மகளைக் கொடுத்த ஊர் பாகூர் பக்கம். அங்கே போகிற ரோட்டின் மேலே ஆற்றுத் தண்ணீர் ஓடுகிறது, பஸ்ஸும் இல்லை, வண்டியும் போகாது என்றார்கள்.

கறியை வெளியே எடுத்து மோந்து பார்த்தேன். இன்னும் கெடவில்லை. உப்புக்கண்டம் போடலாம் என்றால் வெயிலுக்கு எங்கே போவது? "பொகை போட்டு வெச்சா தாங்கும்" என்று நான்தான் சொன்னேன். சொல்லிவிட்டு, ஏன் வாயைத் திறந்தோம் என்றும் இருந்தது. கிடா வெட்டிய அன்று நின்ற கால்வலியே இன்னும் இறங்கவில்லை.

புகை போடுவது எனக்குப் புதிது இல்லை. வீராம்பட்டினத்திலிருந்து வரும் மீன்காரம்மா மழை நாளில் கூடையோடு கவிழ்த்துவிட்டுப் போகிற மீனை அப்படித்தான் அடுப்புக்கு மேலே கட்டி வைப்பேன். எந்தக் கட்டை ஆகும், எது ஆகாது என்று யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. தின்று பார்த்து முகம் சுளித்துத் தெரிந்துகொண்டதுதான். வேலிகாத்தான் முள்ளுக் கட்டையின் புகை கண்ணைப் பிடுங்கும், மீனிலும் காரலாக இறங்கும். தைல மரம் வைத்தால் தலைவலி மருந்தைத் தடவிய மாதிரி மீன் மணக்கும். முந்திரிக் கட்டையில் பால் இருக்கிறது, வெடித்துத் தெறிக்கும். தேங்காய் மட்டை நிறையப் புகையும், ஆனால் கரியை அப்பிவிடும். மாங்கட்டை பரவாயில்லை. கொய்யாதான் எனக்குப் பிடித்தது. புகை மெல்லிசாக வரும், கொஞ்சம் இனிப்பாகக்கூட இருக்கும்.

ஆனால் அன்றைக்கு விறகு எல்லாம் தண்ணீரில் ஊறிக் கிடந்தது. தெரு முழுக்க மரம் விழுந்து கிடக்கிறது, எரிக்க ஒரு குச்சி இல்லை. மகன், அவன் வேலை செய்கிற திருவாண்டார்கோயில் கம்பெனியில் சாமான் வந்த பெட்டிப் பலகைகளை மாட்டுக் கொட்டாய்க்குத் தடுப்பு வைக்கக் கொண்டுவந்திருந்தான். அதில் இரண்டை உடைத்துக்கொண்டு வந்தான்.

"இது காஞ்சிதான் இருக்குதுமா."

"வேணாம்பா. பூச்சி அரிக்காம இருக்க எந்த மருந்துல முக்கினதோ. கறில எறங்கிடும்."

"அப்ப இன்னாத்த எரிக்கிற? என் தலையவா?"

"உன் தல எரியாது. ஒரே தண்ணி" என்றாள் மருமகள். அவனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

கடைசியில் கொட்டாயின் மூலையில், பழைய பந்தலில் மிஞ்சிய சவுக்குக் கழி இரண்டு அகப்பட்டது. சவுக்கு நன்றாக எரியும், தணல் நிற்கும். மேலே வைக்கத் தோட்டத்தில் காற்றில் முறிந்து கிடந்த கொய்யாக் கிளையை வெட்டிக்கொண்டோம். பச்சைதான். பச்சையாக இருந்தால் எரியாது, புகையும். நமக்கு அதுதானே வேண்டும்.

கறியை நீளநீளமாக அரிந்து உப்பும் மஞ்சளும் பிசறி, தண்ணீர் வடிய வைத்துவிட்டு, கோணி ஊசியில் சணல் கோத்துச் சரம் சரமாகக் கட்டினேன். கொட்டாயில் கல்லைக் கூட்டி சவுக்கை எரித்து, தணல் ஆனதும் மேலே கொய்யாக் குச்சியை வைத்து, சரங்களைக் கழியில் தொங்கவிட்டு, கோழி கவிழ்க்கும் பெரிய கூடையை மேலே கவிழ்த்தோம். அதன் மேல் ஈரக் கோணி. புகை உள்ளேயே சுற்றியது. தணல் எரிந்தால் கறி வெந்துவிடும், பச்சைப் பங்காக ஆகாது; அணைந்தால் நாறிவிடும். அதனால் பக்கத்திலேயே குந்திக்கொண்டு, எரிந்தால் தண்ணீர் தெளித்து, அணைந்தால் ஊதி, காலையிலிருந்து மத்தியானம் வரை ஓட்டினேன். கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை. முதுகு என்னுடையதாகவே இல்லை. கறி மேலே காய்ந்து, பழுப்பாக நிறம் ஏறியிருந்தது. மணம் நன்றாகவே இருந்தது.

மருமகள் வந்து, "போய் செத்த படுத்துக்குங்க அத்த, நான் பாத்துக்கறேன்" என்றாள். போய்ப் படுத்தேன். அசந்துவிட்டேன்.

எழுந்து வரும்போது வாசல்படி தாண்டுவதற்குள்ளேயே தெரிந்துவிட்டது. தொண்டையில் போய் உட்காருகிற புகை. கோணிக்கு மேலே வெள்ளையாக, கெட்டியாகக் கிளம்பிக்கொண்டிருந்தது. கூடையைத் தூக்கிப் பார்த்தேன். வாசல் கேட் பக்கம் விழுந்த வேப்ப மரத்தின் கிளை, இலையோடு, தணல் மேலே கிடந்தது.

"இன்னாம்மா இது?"

"கொய்யா தீந்துபோச்சி அத்த. வேப்பங்கட்டதான் நெறைய கெடக்குதே. நல்லதுதான?" என்றாள். என் முகத்தைப் பார்த்ததும் அவள் குரல் இறங்கிவிட்டது. "கொசுவுக்கு போடறோம், நெல்லு குதிர்ல போடறோம், அம்மை வந்தா படுக்கையில போடறோம். பூச்சி புழு அண்டாது, கெடாதுன்னு நெனச்சேன்."

அவள் சொன்னது ஒன்றும் பொய் இல்லை. எங்கள் வீட்டில் எதற்கும் வேப்பிலைதான். புழு அண்டாதுதான், மனிதனும் அண்ட மாட்டானே. அதை அவளிடம் சொல்லத் தோன்றவில்லை. கட்டையை இழுத்துப் போட்டுத் தண்ணீர் ஊற்றினேன். ஒரு துண்டைக் கிள்ளி வாயில் வைத்தேன். முதலில் உப்பு, பிறகு கறி, அதற்குப் பிறகு கசப்பு. கசப்பு மட்டும் வாயிலேயே நின்றது.

மகன் வந்து தின்று பார்த்துத் துப்பினான். பிறகு, "வுட்ருமா. ரோடு தொறந்ததும் கடையில நல்ல கறியா வாங்கி குடுத்துடலாம். அவளுக்கு தெரியவா போவுது?" என்றான்.

"சாமி கறி கடையில விக்கிறாங்களா?"

"அப்ப இத தூக்கிம்போய் குடுக்கறதா? போன தபா மிச்சம், இந்த தபா கசப்பு. வேணும்னே பண்ணேன்னு சொல்லுவா."

மருமகள் தலை குனிந்து நின்றாள். "நான்தான் போட்டேன்னு நானே சொல்லிடறேன்" என்றாள்.

திரும்ப ஒரு கிடா வெட்ட முடியுமா? இந்தக் கசப்பை வைத்துக்கொண்டு என் பிள்ளைகள் இரண்டும் இன்னும் எத்தனை வருஷம் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகும்? நான் போன பிறகு இவன் அவளுக்கு வரிசை வைப்பானா? அரிசி கழுவிய தண்ணீரில் கறியைப் போட்டு அலசினேன். திரும்ப உப்புப் போட்டு, மிச்சமிருந்த தணலில் மாங்குச்சியை வைத்துப் புகை காட்டினேன். கசப்பு கொஞ்சம் குறைந்தது. போகவில்லை.

"இதான் அவ பங்கு. இத நீயே கொண்டும்போய் குடு" என்றேன். நான் அவனிடம் அப்படிக் கண்டிப்பாகப் பேசியது குறைவு.

மறுநாள் தண்ணீர் முழங்காலுக்கு இறங்கிவிட்டது என்று சொன்னதும் புறப்பட்டான். வண்டியை இந்தப் பக்கம் விட்டுவிட்டு, கறியைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தே போனதாகப் பிறகு தெரிந்தது. சாயந்திரம் மகளிடமிருந்து போன் வந்தது. மருமகள் என் பக்கத்திலேயே நின்றாள்.

"ம்மா, கறில இன்னா போட்ட?"

நான் சொல்வதற்குள் மருமகள் போனை வாங்கிக்கொண்டாள். "நான்தாம்மா. வேப்பங்கட்டய பொகைக்கு வெச்சிட்டேன். தெரியாம பண்ணிட்டேன். உங்க அண்ணன் மேல தப்பு இல்ல."

மகளின் குரல் போனைத் தாண்டி எனக்கும் கேட்டது.

"ஏன் அண்ணி, ஆட்டுக்கு அம்மையா வந்துச்சி?"

மருமகளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. போனை என்னிடம் கொடுத்துவிட்டாள்.

"புளி நெறைய வுட்டு கொழம்பு வெச்சேன்மா, அப்பவும் கசக்குது. உம் புள்ள ரெண்டு தபா வாங்கி சாப்ட்டாரு. மூஞ்சி கஷாயம் குடிச்சாப்ல இருக்குது. கசக்குதான்னு கேட்டா இல்லன்றாரு."

உன் பிள்ளை என்றாள். அண்ணன் என்று வரவில்லை.

"நீ சாப்டியாடி?"

"சாப்ட்டேன். என் பங்கு, நான் சாப்டாம?"

"அவங்கிட்ட பேசினியா?"

"சோறு போட்டேன் இல்ல?" என்றாள்.

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. கேட்கத் தெம்பும் இல்லை. இன்றைக்கு இவ்வளவு போதும் என்று போனை வைத்துவிட்டுப் பாயை விரித்தேன்.